ஜூலை வெயிலில் ஆர்ல்: எந்த நேரத்தில் எங்கே இருப்பது

கேட்டது இதுதான்: ஜூலை நடுவில் மார்செய்யில் தங்கப்போகும் ஒரு குடும்பம், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு, ஒரு முழு நாளைத் தெற்குப் பிரான்சின் பழைய ரோம நகரமான ஆர்லுக்கு ஒதுக்கியிருக்கிறது. அந்த வாரம் 37 டிகிரி வரை போகும் என்கிறது முன்னறிவிப்பு. எதை எந்த வரிசையில் பார்ப்பது, எதை விட்டுவிடலாம், என்ன எடுத்துக்கொண்டு போவது? கூடவே அப்பாவின் கருத்து ஒன்று: “நாங்கள் பார்க்காத வெயிலா? சென்னையில் கத்திரியையே தாண்டி வந்தவர்கள்.”

கத்திரியைத் தாண்டியவர்களுக்குத்தான் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுடைய பழக்கமெல்லாம் வேறொரு வெயிலுக்கானது. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகால் மணி வாக்கில். சூடு இரண்டு மூன்று மணி வரை ஏறும், கடற்காற்று உள்ளே வந்ததும் இறங்கத் தொடங்கும். ஆர்ல் இருப்பது கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஐந்து பாகைகூட இல்லை. ஆனால் பிரான்சின் கோடைக்காலக் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் அங்கே உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தில் பகல் 1.45. சூடு உச்சத்தைத் தொடுவது மாலை 4 முதல் 6 மணிக்குள். “சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து, நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம்” என்று நம் ஊர்க் கணக்குப் போட்டால், அந்த நாளின் மிக மோசமான நேரத்தில் தெருவில் நிற்பீர்கள். ஈடாக இன்னொன்று கிடைக்கிறது. ஜூலை நடுவில் சூரியன் மறைவது ஒன்பதேகால் மணிக்குமேல். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை வெளிச்சமும் இருக்கும், வெயிலும் சாய்ந்திருக்கும். இந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கில் வைக்காமல் போடும் எந்தத் திட்டமும் பாதி நாளை வீணடிக்கும்.

அடுத்தது காற்றின் ஈரம். சென்னையில் வியர்வை வழிகிறது, சட்டை ஒட்டுகிறது, தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது. ஆர்லில் ஜூலைக் காற்று பெரும்பாலும் வறண்டது. வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளையாய் உப்புக்கோடுதான் மிஞ்சும். “வியர்க்கவே இல்லையே” என்று நினைப்பவர் நிறையத் தண்ணீரை இழந்துகொண்டிருப்பார். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்ட்ரால் காற்று வீசும் நாளில் இது இன்னும் மோசம். உடம்புக்கு இதமாக இருக்கும், உதடு வெடிக்கும்.

மூன்றாவது, கல். ஆர்லின் பழைய நகரம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். வெளிர் நிறத்தால் கண்ணைக் கூசவைக்கும், பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். தெருக்கள் குறுகலானவை. காலையிலும் மாலையிலும் ஏதாவது ஒரு சுவரோரம் நல்ல நிழல் கிடைக்கும். ஆனால் பகல் 12.30 முதல் 3 மணி வரை சூரியன் ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் நிற்பதால் அந்த நிழல் ஒரு முழம்கூட இருக்காது.

ஆகவே வரிசை இப்படித்தான் அமைய வேண்டும்: திறந்தவெளிக் கற்கள் காலையில், கூரையும் நிலவறையும் நடுப்பகலில், தெருவும் ஆறும் இரவை ஒட்டி. வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக எதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

மார்செய் சேன் ஷார்ல் நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் ஆர்ல் ஒரு மணி நேரத் தூரம், சில வண்டிகள் அதற்கும் குறைவு. எட்டு மணிக்குள் ஆர்லில் இறங்கும் வண்டியைப் பிடியுங்கள். ஒன்பதரைக்கு இறங்கினால் இந்தத் திட்டம் உடைந்துவிடும். திரும்பும் கடைசி வண்டி எப்போது என்பதைப் போகும் முன்பே பார்த்து வையுங்கள், இரவு பத்து மணி வரை இருக்க நினைத்தால் அது ஒத்துவராமல் போகலாம். கடும் வெப்ப நாட்களில் தண்டவாளம் விரிவதால் வேகக் கட்டுப்பாடு போடுவார்கள், வண்டிகள் தாமதமாகும். முடிந்தால் அந்த ஓர் இரவை ஆர்லிலேயே கழிப்பதுதான் நல்லது. அவிஞோனிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஆர்லுக்கு 20 நிமிடத்தில் வரும் வட்டார வண்டிகள் ஊருக்குள் இருக்கும் அவிஞோன் சாந்த்ர் நிலையத்தில் கிளம்புகின்றன. அதிவேக ரயில் நிற்கும் நிலையம் வேறு, ஊருக்கு வெளியே இருக்கிறது.

நிலையத்திலிருந்து ஊருக்குள் பத்து நிமிட நடை. வழியில் வருவது ப்ளாஸ் லமார்த்தீன். ஓவியர் வான் கோ வாடகைக்கு எடுத்து, வரைந்து, உலகத்துக்கே தெரியவைத்த மஞ்சள் வீடு இங்கேதான் இருந்தது. 1944 ஜூனில் நடந்த குண்டுவீச்சில் சிதைந்துபோனது. பின்னால் தெரிந்த உயரமான கட்டடம் மட்டும் ஓவியத்தில் உள்ளபடியே இன்றும் நிற்கிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, கவாலெரி வாயில் வழியாக உள்ளே போகலாம். கடைகள் திறந்திருக்காது. அடுமனை திறந்திருக்கும், காலை உணவை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நினைவுச் சின்னங்கள் கோடையில் காலை 9 மணிக்குத் திறக்கும். முதல் ஆளாக ரோமர் காலத்துக் காட்சி அரங்கத்தில் நில்லுங்கள். கி.பி. 90 வாக்கில் கட்டியது. சுமார் 136 மீட்டர் நீளம், 107 மீட்டர் அகலம், இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60 வளைவுகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் இடம். ரோமப் பேரரசு போனபின் ஊர் மக்கள் இதையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிற்றாலயங்கள், நாலு காவல் கோபுரங்கள். ஓர் ஊரே ஒரு கட்டடத்துக்குள் குடியிருந்தது. 1820களில்தான் வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள். நாலு கோபுரங்களில் மூன்று மிச்சம் இருக்கின்றன. அவற்றில் வாயிலுக்கு மேலிருக்கும் கோபுரத்தில் முதலில் ஏறிவிடுங்கள். ஓட்டுக் கூரைகளும் ரோன் ஆறும் ஒன்பது மணி வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும், பதினொன்றரைக்கு வந்தால் புழுதி மூட்டம்தான். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ச்சுற்று வளைவுகளுக்குள் நடந்தாலே போதும், அங்கே நிழலும் உண்டு, கட்டுமானம் இன்னும் நன்றாகப் புரியும். தென்னிந்தியக் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு வேடிக்கை: சுற்று நடையின் மேல்தளமாகப் பெரிய கற்பலகைகளைப் படுக்கையாகப் போட்டிருக்கிறார்கள், நம் ஊர் உத்தரம் மாதிரி. ரோமர்கள் பார்வையாளர்களுக்கு நிழல் தர மேலே துணிப் பந்தல் இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கம்பங்களைத் தாங்கிய மேல் விளிம்பு ஆர்லில் அழிந்துவிட்டது, பக்கத்து நகரமான நீமில் இன்னும் இருக்கிறது. அரங்கத்துக்கு முக்கால் மணி நேரம் போதும்.

அங்கிருந்து மூன்று நிமிடத்தில் ரோம நாடக அரங்கு. அரங்கத்துக்கும் நூறாண்டு மூத்தது, பேரரசர் அகஸ்டஸ் காலம். இங்கே நிழல் என்ற பேச்சே இல்லை. பத்து மணிக்கு முன்னால் பார்த்தால் பார்த்ததுதான். மேடையின் பின்சுவரில் முழுசாக நிற்பவை இரண்டு தூண்கள். ஊர்க்காரர்கள் அவற்றை ‘இரண்டு விதவைகள்’ என்பார்கள். 1651இல் இந்த இடிபாட்டில்தான் ஆர்லின் வீனஸ் சிலை கிடைத்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அலிஸ்கான் போவதா வேண்டாமா என்பதை இந்த இடத்தில் முடிவு செய்ய வேண்டும். ரோமர் காலத்திலிருந்து இடைக்காலம் வரை பயன்பட்ட இடுகாடு, ஊருக்குத் தென்கிழக்கே 15 நிமிட நடை. இரண்டு பக்கமும் கல் சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும் நீண்ட மரச்சாலை, கடைசியில் முடிக்கப்படாத சேன் ஓனொரா தேவாலயம். வான் கோவும் சக ஓவியர் கோகனும் 1888 இலையுதிர் காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்த இடம். சாலையில் நிழல் உண்டு, போகும் வழியில்தான் இல்லை. பத்தரைக்கு அங்கே போய்ப் பதினொன்றேகாலுக்குத் திரும்ப முடிந்தால் போகலாம். அம்மா ஏற்கெனவே களைத்திருந்தால் விட்டுவிட்டு, லீஸ் சாலையோரம் உள்ள கோடைத் தோட்டத்தில் மரத்தடியில் அரை மணி உட்காருங்கள். அலிஸ்கானைக் கட்டாயமாக நினைத்துப் பதினொன்றரைக்குமேல் கிளம்புகிறவர்கள்தான் திரும்பி வரும்போது தலைவலியோடு வருகிறார்கள்.

அன்று சனிக்கிழமை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். லீஸ் சாலையை ஒட்டி இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று கூடும். கவைய்யோன் முலாம்பழம், ஆப்ரிகாட், பீச், பக்கத்துச் சதுப்பு நிலமான கமார்க்கின் சிவப்பரிசி, ஆலிவ் வகைகள். ஒரு மணிக்குள் எடுத்து வைக்கத் தொடங்கிவிடுவார்கள். அலிஸ்கானுக்குப் பதில் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே காலையில் வேண்டாம்.

பதினொன்றரை மணிக்குச் சேன் ட்ரோஃபீம். தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, ஒட்டியிருக்கும் மடத்து முற்றத்துக்குச் சீட்டு வேண்டும். முற்றத்தைச் சுற்றி நாலு நடைகள். வடக்கும் கிழக்கும் 12ஆம் நூற்றாண்டு ரோமனெஸ்க் பாணி, தெற்கும் மேற்கும் அதற்குப் பின் வந்த கோதிக் பாணி. தூண்தலைச் சிற்பங்களைப் பார்த்தாலே கை மாறியது தெரியும். நிழலில் நின்றபடி நிதானமாகப் பார்க்கலாம். வெளியே சதுக்கத்தைப் பார்த்த பெருவாயிலில் கடைசித் தீர்ப்பு நாள் செதுக்கப்பட்டிருக்கிறது. பிரான்சின் ரோமனெஸ்க் சிற்பங்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது. ஆனால் அது மேற்கு நோக்கிய வாயில். காலையில் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். மாலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு முகமும் தனியே எழுந்து நிற்கும். படம் எடுக்கும் ஆசை இருந்தால் அப்போது திரும்பி வாருங்கள்.

சாப்பாட்டை 12.15க்கே தொடங்குங்கள். உணவகச் சமையலறைகள் பெரும்பாலும் 12 முதல் 2 வரைதான். இரண்டேகாலுக்குப் போனால் “முடிந்தது” என்ற ஒரே பதில்தான். இரவு மறுபடியும் ஏழரைக்கு. மேசைக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் கேட்கலாம், ‘கராஃப் தோ’ என்றால் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், சட்டப்படி காசு வாங்கக் கூடாது. நகரத்தின் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தெரு நீரூற்றுகளில் மட்டும் பலகையைப் பாருங்கள்: ‘ஓ பொதாப்ளு’ என்றால் குடிநீர், முன்னால் ‘நோன்’ இருந்தால் கை கழுவ மட்டும். மதியம் ஒயின், பியர் வேண்டாம். அதற்குப் பதில் ‘மாந்த் ஆ லோ’ கேளுங்கள், பச்சைப் புதினா சர்பத்தில் குளிர்ந்த தண்ணீர், விலையும் குறைவு.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ‘தப்பெனாத்’ என்ற ஆலிவ் விழுதில் வழக்கமாக நெத்திலி இருக்கும். ‘ஃபூகாஸ்’ ரொட்டியில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். ‘கார்தியான்’ என்பது கமார்க் காளை இறைச்சிக் குழம்பு. கேட்காமலே தைரியமாகச் சாப்பிடக்கூடியது காய்கறிக் கூட்டான ரத்தத்தூய், கடலைமாவைக் காய்ச்சி ஆறவைத்துப் பொரிக்கும் பானிஸ். பானிஸ் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும், பஜ்ஜி மாவின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘ஸான் வியாந்த், ஸான் புவாஸ்ஸோன்’, இறைச்சியும் மீனும் இல்லாமல். சைவம் என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மீன் வந்துவிடும்.

இரண்டு மணிக்கு நிலத்தடிக்குப் போங்கள். ப்ளாஸ் ட லா ரெபுப்ளிக் சதுக்கத்தில் உள்ள நகர மண்டபத்தின் வழியாகத்தான் ரோம நிலவறை நடைகளுக்கு இறங்க வேண்டும். மேலே இருந்த ரோமர் காலப் பொதுவெளியான ஃபோரம் சரிவான நிலத்தில் சமமாக நிற்பதற்காகக் கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டிய அடித்தளம் இது. ‘ப’ வடிவில் இரட்டை நடைகள், நடுவே வளைவு வரிசை. வெளியே 37 டிகிரி கொதிக்கும்போது உள்ளே மெல்லிய சால்வை தேவைப்படும். இரண்டு எச்சரிக்கைகள்: தரை ஈரமாக வழுக்கும், வெளிச்சமும் குறைவு. வியர்வையில் நனைந்த உடம்போடு சட்டென இறங்கினால் சிலருக்குத் தசை பிடித்துக்கொள்ளும், வயதானவர்களுக்கு லேசாகத் தலை சுற்றும். மேலே மண்டபத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அண்ணாந்து பாருங்கள். நகர மண்டபத்தின் கீழ்த்தள விதானம் 1670களில் கட்டடக் கலைஞர் ஜூல் அர்துவேன் மான்சார் வடிவமைத்தது. நடுவில் தூணே இல்லாமல், ஏறத்தாழத் தட்டையாக, ஒன்றையொன்று நெருக்கி நிற்கும்படி வெட்டிய கற்கள் மட்டுமே தாங்கி நிற்கின்றன. கல்தச்சர்கள் தேடி வந்து பார்த்துவிட்டுப் போகும் இடம். கட்டணம் இல்லை, ஆனாலும் பெரும்பாலோர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்துபோகிறார்கள்.

மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை ஆர்ல் தொல்பொருள் அருங்காட்சியகம். ஊருக்குத் தென்மேற்கில், நீலச் சுவர்களோடு முக்கோண வடிவில் இருக்கும் 1995ஆம் ஆண்டுக் கட்டடம். ஊர் நடுவிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர்தான், ஆனால் கடைசிப் பகுதி நிழலே இல்லாத தார்ச்சாலை. மூன்று மணி வெயிலில் நடக்க வேண்டாம். பேருந்தோ டாக்சியோ பிடியுங்கள், டாக்சியைச் சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லி வையுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் நாள் செவ்வாய் என்றால் இதற்குப் பதில் ஆற்றங்கரையில் உள்ள ரெயாத்து அருங்காட்சியகம், பிக்காசோ 1971இல் கொடுத்த 57 வரைபடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

தொல்பொருள் அருங்காட்சியகத்தில் முதலில் பார்க்க வேண்டியவை சிறு மாதிரிகள். காலையில் பார்த்த அரங்கமும் நாடகமேடையும் முழுதாக இருந்தபோது எப்படி இருந்தன என்பது அவற்றைப் பார்த்த பிறகுதான் விளங்கும். குதிரைத்தேர்ப் பந்தயக் களமும் இருக்கும், அது இந்த அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் நடுவில் நின்ற கல்தூணைத்தான் 1676இல் நகர மண்டபத்துச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அடுத்து ரோமர் காலத்துப் படகு ஒன்று. 31 மீட்டர் நீளம், தட்டையான அடி, கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டடக் கல் ஏற்றிக்கொண்டு ரோனில் மூழ்கியது. 2004இல் கண்டார்கள், 2011இல் பத்துத் துண்டாக அறுத்து மேலே எடுத்தார்கள். ஆற்றின் களிமண் காற்றுப் புகாமல் மூடியிருந்ததால் மரம் அழுகவில்லை. நீரூறிய மரத்தை அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும் என்பதால், மரத்துக்குள் இருந்த தண்ணீரின் இடத்தை மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருளால் நிரப்பி, உறைநிலையில் உலர்த்தினார்கள். 2013 முதல் காட்சியில் இருக்கிறது. அதே ஆற்றில் 2007இல் கிடைத்த பளிங்குத் தலையையும் பாருங்கள். ஜூலியஸ் சீசர் உயிரோடு இருந்தபோதே செதுக்கியது என்று ஒரு கட்சி, சீசரே இல்லை என்று இன்னொரு கட்சி. சீசருக்கும் ஊருக்கும் உறவு இருந்ததில் சந்தேகம் இல்லை. கி.மு. 49இல் மார்செய்யை முற்றுகையிட அவர் 12 கப்பல்கள் கட்டிக்கொண்டது ஆர்லில்தான், மூன்று ஆண்டு கழித்து ஆறாம் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரர்களை இங்கே குடியேற்றினார்கள்.

வான் கோவைத் தேடி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: அவர் 1888 பிப்ரவரி முதல் 1889 மே வரை இங்கே இருந்து சுமார் 200 ஓவியங்கள் வரைந்தார், ஆனால் ஆர்ல் நகரத்துக்கென்று ஓர் ஓவியம்கூடச் சொந்தமில்லை. 2014இல் திறந்த வான் கோ அறக்கட்டளைக் கூடத்தில் வழக்கமாக இரவலாக வந்த ஒன்றோ சிலவோ இருக்கும், மற்றவை சமகாலக் கலைஞர்களுடையவை. சீட்டு வாங்கும் முன் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஃபோரம் சதுக்கத்தில் அவர் வரைந்த மஞ்சள் காபிக்கடையும் பலர் நினைப்பது போல இல்லை. ஓவியத்தில் மஞ்சளாகத் தெரிவது விளக்கொளி. சுவருக்கு மஞ்சள் பூசியது பிற்காலத்தில், ஓவியத்துக்கு ஒத்துப்போகட்டும் என்று. பார்க்கத் தகுந்தது பழைய மருத்துவமனை. காதை அறுத்துக்கொண்ட பிறகு அவரைச் சேர்த்த இடம், நடுவில் உள்ள தோட்டத்தை அவர் வரைந்தபடியே பாத்தி பிரித்து வைத்திருக்கிறார்கள். முற்றத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. பகலில் வேண்டாம், ஆறரைக்குமேல் போங்கள், மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் வரை 1970 முதல் நடக்கும் ஒளிப்பட விழா ஊர் முழுக்கப் பரவியிருக்கும். பழைய தேவாலயங்களில் வைத்திருக்கும் கண்காட்சிகள் நடுப்பகலுக்கு அருமையான புகலிடம், தடித்த சுவர், உயர்ந்த கூரை. தகரக் கூரை போட்ட பழைய தொழிற்கூடங்களில் வைத்திருப்பவை காலைக்கு மட்டும். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2021இல் திறந்த லூமா கலை மையக் கோபுரம் 56 மீட்டர் உயரம், பதினோராயிரம் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள். பழைய ரயில் பட்டறை நிலத்தில் நிற்கிறது. சுற்றியுள்ள பூங்காவில் குளமும் மரங்களும் உண்டு, ஆனால் மரங்கள் இன்னும் இளசு. ஒரே நாளில் ரோமையும் கெரியையும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோர் இல்லாமல் வருகிறவர்கள் தொல்பொருள் அருங்காட்சியகத்தைக் குறைத்துக்கொண்டு இங்கே போகலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அரங்கத்தில் ‘கூர்ஸ் கமார்கேஸ்’ என்ற காளை விளையாட்டு நடக்கும் நாள் அமைந்தால் விடாதீர்கள். காளையின் கொம்புகளில் நாடாவும் குஞ்சமும் நூலும் கட்டி விடுவார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் கையில் சிறு உலோகக் கொக்கியோடு ஓடிப்போய் அவற்றை எடுக்க வேண்டும், எடுப்பதற்குப் பரிசுப் பணம். ஒரு காளை களத்தில் நிற்பது 15 நிமிடம். அதைக் கொல்வதில்லை, ஆட்டம் முடிந்ததும் மேய்ச்சலுக்குத் திரும்பும். சுவரொட்டியில் ஆட்களின் பெயரைவிடக் காளையின் பெயர் பெரிதாக இருக்கும். கொம்பில் சல்லி கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் சீட்டு வாங்கும் முன் சொல்லைப் படியுங்கள். ‘கொரிதா’ என்றால் ஸ்பானியமுறை, காளையைக் கொல்வார்கள், ஆர்லில் அது பெரும்பாலும் ஈஸ்டரிலும் செப்டம்பரிலும் நடப்பது. உட்காரும் இடத்தையும் பார்த்து வாங்குங்கள். மாலை ஆட்டம் என்றால் மேற்குப் பக்கத்தில்தான் முதலில் நிழல் விழும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். நடக்கும் நேரத்தில் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், நாள் முழுக்க மூன்று லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் கால் மணிக்கு ஒருமுறை நாலு வாய். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து உப்பைக் கோட்டைவிட்டால் பிற்பகலில் கெண்டைக்கால் இழுக்கும். ஊரிலிருந்தே ஓஆர்எஸ் பொட்டலங்கள் ஐந்தாறு கொண்டுபோங்கள், உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. நீர்பிரிக்கும் மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், அளவைத் தாங்களாக மாற்றக் கூடாது. இன்சுலின் இருந்தால் குளிர்ப்பையில், நிறுத்தி வைத்த காரில் ஒருபோதும் வேண்டாம். காலுக்குப் பின்பட்டி உள்ள, ரப்பர் அடி கொண்ட செருப்பு. தேய்ந்து வழவழப்பான சுண்ணாம்புக் கல்லும், ஆற்றுக் கூழாங்கல் பதித்த பழைய தரைகளும் ஹவாய் செருப்பை மன்னிப்பதில்லை. குடை பிடிக்க வெட்கப்பட வேண்டாம், தொப்பியைவிட நல்ல நிழல் அதுதான். மிஸ்ட்ரால் வீசும் நாளில் மட்டும் குடையை அறையில் வைத்துவிட்டுக் கயிறு கட்டிய தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்கும் கிடைக்காது. அருங்காட்சியகம், உணவகம் என்று போகும் ஒவ்வோர் இடத்திலும் பயன்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். கழிப்பறைக்குப் பயந்து அம்மாக்கள் தண்ணீரைக் குறைப்பதுதான் வெயில் மயக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணம்.

தலைவலி, குமட்டல், வெளிறிய முகம், ஈரமான தோல் என்றால் வெப்பக் களைப்பு: நிழல், படுக்கவைத்துக் காலை உயர்த்துதல், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி, கொஞ்சம் கொஞ்சமாக ஓஆர்எஸ். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 15 அல்லது 112க்குக் கூப்பிடுங்கள். பிரெஞ்சு வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடும். ஆர்ல் இருப்பது பூஷ் டு ரோன் மாவட்டத்தில். ஆரஞ்சு என்றால் அலிஸ்கானை விட்டுவிடுங்கள். சிவப்பு என்றால் பெற்றோரோடு அன்று போகவே வேண்டாம். இதே தெற்கில்தான் 2019 ஜூன் 28 அன்று 46 டிகிரி பதிவானது.

அங்கே இரவு தங்கினால் அறையில் ஏசி உண்டா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள், பழைய வீடுகளில் இல்லாதவை நிறைய. இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள். காலை கிளம்பும்போது சன்னலையும் வெளிப்புற மரக்கதவையும் இறுக மூடிவிட்டுப் போங்கள், காற்று வரட்டும் என்று திறந்து வைக்காதீர்கள், வருவது அனல்தான். இரவு பத்து மணிக்குமேல் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து ஐந்தரைக்குத் திரும்பி ஏழு மணி வரை அறையிலோ காபிக்கடையின் உள்பக்கத்திலோ கால் நீட்டுங்கள். பிறகு சேன் ட்ரோஃபீம் வாயில், அதற்கு நாலு நிமிடத் தூரத்தில் ஃபோரம் சதுக்கம். அங்கே ஒரு விடுதிச் சுவரின் மூலையில் ரோமர் காலத்துத் தூண்கள் இரண்டு பதிந்து நிற்பதை யாரும் சொல்லாமல் கவனிப்பது கடினம். எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதரைக்கு ரோன் கரை, ப்ளாஸ் லமார்த்தீனை ஒட்டிய வளைவு. 1888 செப்டம்பரில் வான் கோ ஆற்றின் மேல் விண்மீன்களை வரைந்தது இந்தக் கரையில். பகலில் ஒரு பொட்டு நிழல் இல்லாத இடம், அதனால்தான் கடைசிக்கு வைத்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் கல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கமார்க் சதுப்பு நிலம் பக்கத்தில் என்பதால் கொசு நிறைய. கை கால்களில் கொசு மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பே தடவிக்கொள்ளுங்கள், கரைக்கு வந்த பிறகு தடவினால் நேரம் கடந்திருக்கும். அங்கிருந்து ரயில் நிலையம் ஐந்து நிமிட நடைதான்.